கோலும் பணப்பையும்

ரமலான் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குச் சென்றோர் அறிவர். அங்கு விலையைக் காட்டிலும் மிகுதியாக விசாரிக்கப்படுவது பிறையே. மூட்டை இறக்கும் மாற்று மதச் சகோதரரும், “பாய், பிறை தெரிந்ததா?” என்று வினவுவார். காஜியின் அறிவிப்பு வந்த பின்னும், தந்தை நோன்பிலும் மகன் பெருநாளிலும் இருக்கும் இல்லங்களை நாம் கண்டதுண்டு. இச்சோதனை நமக்கு மட்டும் உரியதன்று.

கி.பி. 70இல் உரோமர் பைத்துல் முகத்தஸிலிருந்த ஆலயத்தைத் தகர்த்த பின், யூத அறிஞர் சபை யவ்னே என்னும் ஊரில் கூடியது. பிறைச் சாட்சியை ஏற்று மாதத்தை அறிவிப்பது அச்சபையின் பொறுப்பு. தலைவர் ரப்பான் கமாலியேல், தம் மேல்மாடச் சுவரில் பிறையின் வடிவங்களை வரைந்து வைத்து, சாட்சிகளிடம் அவற்றைக் காட்டி விசாரிப்பாராம்.

ஒருமுறை இருவர் வந்து, பிறையை உரிய இரவில் கண்டதாகவும், மறு இரவில் காணவில்லை என்றும் கூறினர். கமாலியேல் அதனை ஏற்றார். முதுபெரும் அறிஞர் தோசா அது பொய்ச்சாட்சி என்றார். பேரறிஞர் யோசுவாவும் அவர் பக்கமே நின்றார். அதனால் யூதரின் மாபெரும் நோன்பு நாளான யோம் கிப்பூர் இருவேறு நாட்களில் வரும் நிலை உண்டாயிற்று. நம் ஆஷூராவைப் போல் அதுவும் மாதத்தின் பத்தாம் நாளாகும்.

தலைவரோ கடுமையாக ஆணையிட்டார்: யோசுவாவின் கணக்குப்படி எது நோன்பு நாளோ, அந்நாளில் அவர் கோலும் பணப்பையும் ஏந்தித் தம்மிடம் வரவேண்டும்! புனித நாளென்று தாம் நம்பும் நாளைத் தம் கையாலேயே குலைப்பதா? யோசுவா துயருற்றார். மாணவர் அகீவா வந்து, நாட்களை அறிவிக்கும் உரிமையை இறைவன் சபைக்கே அளித்துள்ளான் என வேதத்திலிருந்து எடுத்துக்காட்டினார். மறுத்துரைத்த தோசாவே, இச்சபையின் தீர்ப்பை ஐயுற்றால் மூஸா (அலை) காலம் முதலான எல்லாச் சபைகளையும் ஐயுற நேரும் என்றார். யோசுவா கோலை எடுத்து நடந்தார். கமாலியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டு, அறிவில் தம் ஆசான் என்றும் பணிவில் தம் மாணவர் என்றும் வரவேற்றார். கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் நூல் இதனைப் பகர்கின்றது.

யோசுவா தம் அறிவை விற்கவில்லை. சமுதாயம் பிளவுறாதிருக்கத் தம் வாதத்தை அடக்கிக்கொண்டார். நோன்பும் பெருநாளும் மக்கள் கூடி அனுசரிக்கும் நாளே என்னும் கருத்துடைய நபிமொழி திர்மிதீயில் இருப்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

ஆயினும் தலைமைக்கும் எல்லை உண்டு. பின்னொரு சர்ச்சையில் யோசுவாவைச் சபையில் நிற்கவைத்து அவமதித்தபோது, சபையோர் பொறாது கமாலியேலையே பதவி நீக்கினர் என்று தல்மூத் கூறுகின்றது. அவர் யோசுவாவின் இல்லம் தேடிச் சென்றார். கரி படிந்த சுவர்களைக் கண்ட பின்னரே, அவ்வறிஞர் கரித்தொழிலால் பிழைப்பவர் என அறிந்தார், மன்னிப்புக் கோரினார், மீண்டும் தலைமை பெற்றார்.

நம் ஜமாஅத்தார் காஜியின் சொல்லுக்குக் கோலெடுத்து நடக்கட்டும். நம் தலைவர்களும் ஏழை ஆலிமின் கரி படிந்த சுவரை ஒருமுறை சென்று காணட்டும். பிறை ஒன்றே, பெருநாளும் ஒன்றாகும்.