திருந்துவதற்குரிய காலம்

1870-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9-ஆம் நாள், உரோமைக்குக் கிழக்கே மலைச்சரிவில் அமைந்த பலஸ்திரீனா என்னும் ஊரில், அகபித்தோ பெல்லோமோ என்பவனின் தலை கில்லட்டின் கருவியால் துண்டிக்கப்பட்டது. அன்று அவ்வூரை ஆண்ட அரசர் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர். இதற்கு ஒன்பது நாள்களுக்குப் பின் முதலாம் வத்திக்கான் பொதுச்சங்கம் திருத்தந்தையின் வழுவா வரத்தைப் பற்றிய கோட்பாட்டை அறிவித்தது. இரண்டு மாதங்கள் கழித்து, செப்டம்பர் 20 அன்று, இத்தாலியப் படைகள் உரோமைக்குள் நுழைந்தன. திருத்தந்தையரின் நாட்டாட்சி முடிவுற்றது. ஆகவே, திருத்தந்தையின் அரசு கொன்ற கடைசி மனிதன் என்று வரலாறு பெல்லோமோவைக் குறித்து வைத்திருக்கிறது.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2 அன்று, கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டின் 2267-ஆம் எண் திருத்தப்பட்டு வெளியிடப்பட்டது. மரணதண்டனை எந்நிலையிலும் ஏற்றுக்கொள்ளத்தக்கது அன்று என்றும், உலகெங்கும் அது ஒழிக்கப்படத் திருச்சபை உறுதியுடன் உழைக்கும் என்றும் அதில் கூறப்பட்டது. பலஸ்திரீனாவின் கொலைமேடைக்கும் இந்த அறிவிப்புக்கும் இடையே 148 ஆண்டுகள். ஒரே திருச்சபை இவ்விரண்டு நிலைகளிலும் நின்றது எவ்வாறு என்று நம் இளைஞர்கள் கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை காண வரலாற்றை ஒளிவுமறைவின்றி நோக்குவதே முறை.

அகுஸ்தினாரும் அக்குவினாவும்

மனித இரத்தத்தைச் சிந்துபவனின் இரத்தம் மனிதராலேயே சிந்தப்படும் எனத் தொடக்கநூலின் ஒன்பதாம் அதிகாரம் கூறுகிறது. ஆள்வோர் காரணமின்றி வாள் ஏந்தவில்லை எனப் பவுலடியார் உரோமையருக்கு எழுதுகிறார். மரணதண்டனையை ஆதரித்தோர் இவ்விரு பகுதிகளையே நெடுங்காலம் சான்றாகக் காட்டினர். ஆனால் அதே தொடக்கநூலின் நான்காம் அதிகாரத்தில், தம்பியைக் கொன்ற காயினை எவரும் கொன்றுவிடாதபடி ஆண்டவரே அவன்மீது அடையாளம் இட்டார் என்பதையும் நாம் வாசிக்கிறோம். திருச்சபையின் சிந்தனை தொடக்கம் முதலே இவ்விரு பகுதிகளுக்கும் இடையே நடந்து வந்துள்ளது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவில் தொனாத்துவாதப் பிரிவினையைச் சேர்ந்த சிலர் ரெஸ்தித்தூத்துஸ் என்னும் குருவைக் கொன்றனர். இன்னொரு குருவின் கண்ணைப் பிடுங்கி, விரலை வெட்டினர். குற்றவாளிகள் பிடிபட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். தம் குருவை இழந்த ஆயர் புனித அகுஸ்தினார், வழக்கை விசாரித்த அரச அதிகாரி மார்செல்லீனுசுக்கு மடல் எழுதினார். அவர்களைக் கொல்ல வேண்டாம், உறுப்புகளைச் சிதைக்கவும் வேண்டாம், ஏதேனும் பயனுள்ள உழைப்பில் ஈடுபடுத்துக என்பதே அவர் வேண்டுதல். கொலையுண்டவனின் தரப்பிலிருந்து எழுந்த மன்றாட்டு அது.

அந்த மார்செல்லீனுஸ் 413-ஆம் ஆண்டில், அரசுக்கு எதிரான கிளர்ச்சியில் பங்குபெற்றார் என்ற பழியின்பேரில் கார்த்தேஜில் கொல்லப்பட்டார். திருச்சபை அவரை மறைசாட்சியாகப் போற்றுகிறது. குற்றவாளியின் தலைக்கு ஓங்கிய வாள் குற்றமற்றவன் தலையிலும் விழும் என்பதை நாமும் அறிவோம். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் அரச ஆணையால் சுட்டுக்கொல்லப்பட்ட புனித தேவசகாயத்தின் இரத்தம் நம் மண்ணிலேயே அதற்குச் சான்று பகர்கிறது.

எனினும் அகுஸ்தினாரும் அரசின் வாளை முற்றிலும் மறுக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா இதற்கு ஒழுங்கான இறையியல் வடிவம் கொடுத்தார். அழுகிய உறுப்பை உடலின் நலனுக்காக மருத்துவர் வெட்டுவதுபோல, சமூகத்தின் நலனுக்காகக் கொடியவனை அதிகாரம் கொல்லலாம் என்றார். அவன் மனந்திரும்பும் வாய்ப்பைப் பறிக்கிறோமே என்ற மறுப்புக்கும் அவர் விடை கூறினார்: சாவு கண்முன் நிற்கும் அந்நேரத்திலேயே அவன் மனந்திரும்ப இயலும், அப்போதும் அவன் நெஞ்சம் இளகாதெனில் இனி எப்போதும் இளகாது என்று ஓரளவு உறுதியாகவே கொள்ளலாம் என்றார். இந்த விடையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

உரோமையின் கொலைமேடை

உரோமையில் 1796 முதல் 1864 வரை மரணதண்டனைகளை நிறைவேற்றியவர் ஜொவான்னி பத்திஸ்தா புகாத்தி. மக்கள் அவரை மாஸ்த்ரோ தித்தா என்று அழைத்தனர். புனித பேதுரு பேராலயத்திற்கு அருகே குடியிருந்த அவர், மற்ற நாள்களில் குடைகளுக்கு வண்ணம் தீட்டி விற்று வந்தார். தம் கையால் முடிந்தோரின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அதில் 516 பெயர்கள் உள்ளன. அவர் தைபர் ஆற்றின் பாலத்தைக் கடந்து நகருக்குள் வந்தால், அன்று எவனோ ஒருவனின் தலை விழப்போகிறது என்று உரோமை மக்கள் அறிந்துகொள்வர். 1845-இல் இத்தகைய காட்சி ஒன்றை நேரில் கண்ட ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ், அடுத்த ஆண்டு வெளியிட்ட தம் இத்தாலியப் பயண நூலில் அதை வெறுப்புடன் விவரித்தார்.

அதே கொலைமேடையின் அருகில் வேறு சிலரும் நின்றனர். 1488-இல் உரோமையில் தோன்றிய, தலைவெட்டுண்ட புனித யோவான் பெயரால் அமைந்த பக்தசபையினர் அவர்கள். ஓவியர் மைக்கலாஞ்சலோவும் ஒருகாலத்தில் இச்சபையின் உறுப்பினர். கறுப்பு அங்கியும் முகத்திரையும் அணிந்த இவர்கள், தண்டனை பெற்றவனோடு அவனது கடைசி இரவு முழுவதும் தங்குவர். அவனைப் பாவசங்கீர்த்தனத்திற்குத் தயாரிப்பர். மேடைக்கு நடக்கும் வழியில் ஆண்டவரின் பாடுகளைத் தீட்டிய சிறு பலகையை அவன் கண்ணெதிரே பிடித்துச் செல்வர். உடலை எடுத்து அடக்கம் செய்வர். ஆண்டுக்கு ஒரு கைதியைச் சாவினின்று விடுவித்துக்கொள்ளும் சலுகையும் அவர்களுக்கு இருந்தது. தூரின் நகரில் புனித யோசேப்பு கஃபாசோ இதே பணியைத் தனியொருவராய்ச் செய்து, சிறைக்கைதிகளின் பாதுகாவலராக இன்று போற்றப்படுகிறார்.

இவர்களின் இரக்கம் உண்மையானது. ஓர் இரவுக்குள் ஓர் ஆன்மாவை மீட்டுவிட வேண்டும் என்று அவர்கள் பட்ட பாடு நம்மை நெகிழச் செய்கிறது. ஆயினும் அந்த ஓர் இரவு ஏன் பல ஆண்டுகளாக நீளக்கூடாது என்று கேட்க அக்காலத்தில் பெரும்பாலோர்க்குத் தோன்றவில்லை. அவ்வாறு கேட்டவர் மிலான் நகரத்து செசாரே பெக்காரியா. 1764-இல் அவர் வெளியிட்ட சிறுநூல் மரணதண்டனையைப் பயனற்றது என வாதிட்டது. 1766-இல் அது தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தஸ்கனி நாடோ 1786 நவம்பர் 30 அன்று மரணதண்டனையைச் சட்டத்திலிருந்தே நீக்கியது. உலகம் ஓரடி முன்னே சென்றபோது நாம் பின்தங்கினோம் என்பதை மறைப்பதால் திருச்சபைக்குப் பெருமை சேராது. திருத்தந்தை பிரான்சிஸ் 2017-இல் இதைக் குறிப்பிட்டு, திருத்தந்தையரின் நாட்டிலும் இந்த மனிதநேயமற்ற வழி கையாளப்பட்டது என்று வருந்தி, கடந்தகாலத்தின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

ஒரு கொலையாளியின் முதுமை

பெல்லோமோ இறந்து 32 ஆண்டுகள் கழித்து, அதே சூலை மாதத்தில், முன்பு திருத்தந்தையரின் ஆட்சிக்குட்பட்டிருந்த லெ ஃபெரியெரே என்னும் சிற்றூரில் நிகழ்ந்ததை நம் இல்லங்களில் அறியாதோர் அரியர். 1902 சூலை 5 அன்று, பதினொரு வயதுச் சிறுமி மரியா கொரெற்றியை அலெசாந்த்ரோ செரெனெல்லி என்னும் இருபது வயது இளைஞன் கெடுக்க முயன்று, அவள் இணங்காததால் பதினான்கு முறை குத்தினான். மறுநாள், அவனை மன்னித்துவிட்டு அவள் இறந்தாள்.

புனிதையின் வரலாற்றை நாம் மறைக்கல்வி வகுப்புகளில் பலமுறை கூறியுள்ளோம். அதன் இரண்டாம் பகுதி எதனால் நிகழ முடிந்தது என்பதைக் கூறுவதில்லை. இத்தாலியில் 1890-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டம் மரணதண்டனையை நீக்கியிருந்தது. வயது நிரம்பாதவன் என்பதால் செரெனெல்லிக்கு வாழ்நாள் சிறையும் விதிக்கப்படாமல் முப்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பழைய ஆட்சி நீடித்திருந்தால் அவன் தலை தப்பியிருக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது.

சிறைசென்ற செரெனெல்லி உடனே மனம் வருந்தவில்லை. ஆண்டுகள் பல அவன் இறுகிய நெஞ்சத்தோடேயே இருந்தான். பின்னர் ஓர் இரவு, மரியா தன் கையில் லீலி மலர்களைக் கொடுப்பதாகக் கனவு கண்டான். அதன்பிறகே அவன் உள்ளம் திரும்பியது. 27 ஆண்டுகள் கழித்து, 1929-இல் விடுதலையானான். பிறகு ஒரு கிறிஸ்து பிறப்புக் காலத்தில் மரியாவின் தாய் அசுந்தாவைத் தேடிச் சென்று, முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டான். என் மகள் மன்னித்துவிட்டாள், நான் எவ்வாறு மன்னியாதிருப்பேன் என்னும் பொருளில் அத்தாய் பதிலளித்தார். இருவரும் ஒரே பலிபூசையில் நற்கருணை உட்கொண்டனர். 1950 சூன் 24 அன்று மரியா புனிதையாக அறிவிக்கப்பட்டபோது தாய் அசுந்தா உரோமையில் இருந்தார். செரெனெல்லி கப்புச்சின் துறவியர் மடத்தில் தோட்டவேலை செய்து முதுமையடைந்து, 1970 மே 6 அன்று காலமானார். பலஸ்திரீனாவின் கொலைமேடைக்கும் இச்சாவுக்கும் இடையே ஏறத்தாழ நூறு ஆண்டுகள்.

இப்பொழுது அக்குவினாவின் விடைக்கு வருவோம். சாவு முன்நிற்கும்போது இளகாத நெஞ்சம் இனி இளகாது என்றார் அவர். 1903-இல் செரெனெல்லியைக் கொலைமேடையில் ஏற்றியிருந்தால் அவன் இறுகிய நெஞ்சத்தோடு மாண்டிருக்கக்கூடும். அவன் திருந்தாதவன் என்று நாமும் முடிவு கட்டியிருப்போம். இறைவன் அவனுக்கு வைத்திருந்த நேரமோ அதற்குப் பல ஆண்டுகள் தள்ளி இருந்தது. அருள் எந்த நாளில் வந்து கதவைத் தட்டும் என்பதை நீதிபதியும் அறியார், குருவும் அறியார். ஒரு மனிதனின் கடைசி நாளை நாம் குறித்துவிடும்போது, நமக்கு உரிமையில்லாத ஒன்றைக் குறித்துவிடுகிறோம்.

போதனை வளர்ந்த விதம்

1952-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், குற்றவாளி தன் குற்றத்தாலேயே வாழும் உரிமையை இழந்துவிட்டான் என்று கற்பித்தார். வத்திக்கான் நகர நாட்டின் 1929-ஆம் ஆண்டுச் சட்டம், திருத்தந்தையைக் கொல்ல முயல்வோர்க்கு மரணதண்டனையை வைத்திருந்தது. ஒருமுறையும் பயன்படாத அந்த விதியைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1969-இல் நீக்கினார். பன்னிரண்டு ஆண்டுகளில் அதே குற்றம் நிகழ்ந்தது. 1981 மே 13 அன்று தம்மைச் சுட்ட மெகமத் அலி ஆக்சாவைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மன்னித்தார். 1983 டிசம்பரில் சிறைக்கே சென்று அவனருகில் அமர்ந்து பேசினார்.

அத்திருத்தந்தையின் காலத்தில் 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு, மிகக் கொடிய குற்றங்களுக்கு மரணதண்டனையை விலக்கவில்லை. 1995-இல் ‘வாழ்வின் நற்செய்தி’ என்னும் சுற்றுமடலில், அத்தகைய தேவை இன்று அரிதே, நடைமுறையில் இல்லையென்றே கூறலாம் என்று அவர் எழுதினார். 1997-இல் ஏடும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஆழத்திற்குச் சென்றது: மிகக் கொடிய குற்றம் புரிந்த பின்னரும் மனித மாண்பு அழிவதில்லை என்றது.

இது முரண்பாடு என்போர் இறையியலாரிடையிலும் உள்ளனர். அவர்களின் கவலையை அலட்சியம் செய்யலாகாது. சமூகத்தைக் காப்பது அரசின் கடமை என்ற போதனை இன்றும் மாறவில்லை. அக்கடமைக்குக் கொலை தேவையா என்ற தீர்ப்பும், குற்றவாளி யார் என்ற பார்வையுமே மாறியுள்ளன. காவலான சிறைகள் இல்லாத காலத்து விடையைச் சிறைகள் உள்ள காலத்திலும் கூறிக்கொண்டிருப்பது மரபைக் காப்பதாகாது.

நமக்கு முன்னுள்ள கடமை

நம் நாட்டுச் சட்டத்தில் மரணதண்டனை இன்றும் உள்ளது. 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே அதை விதிக்கலாம் என வரையறுத்தது. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டமும் அதை நீக்கவில்லை. ஒரு சிறுமி சிதைக்கப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் தூக்கில் போடு என்ற முழக்கம் எழுகிறது. நம் ஆலய முற்றங்களிலும் அது கேட்கிறது. அச்சினத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் நியாயமான வேதனை. பிள்ளையை இழந்த பெற்றோரிடம் சென்று, அசுந்தாவைப்போல் மன்னியுங்கள் என்று போதிக்க நமக்கு உரிமையில்லை. அசுந்தாவின் மன்னிப்பு அருளின் கொடை. அதை எவரும் கட்டளையிட முடியாது. அவர்களோடு உட்கார்ந்து அழுவதும், வழக்கு முடியும்வரை அவர்கள் துணைநிற்பதும், குற்றவாளி மீண்டும் எவரையும் தீண்டாதபடி அரசு காக்க வேண்டும் எனக் கோருவதுமே நம் முதற்கடமை.

அதன்பின் நாம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு. செரெனெல்லிக்கு அரசின் சட்டம் 27 ஆண்டுகளைக் கொடுத்தது. கடவுள் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டார். இன்று நம் சிறைகளில் தூக்குக்குக் காத்திருப்போரையும் அவர் தேடிக்கொண்டிருக்கிறார் என நாம் நம்பினால், அவர் வேலை முடியும்முன் விளக்கை அணைக்கும்படி நாம் அரசைக் கேட்கலாமா? சிறைக்கைதிகளுக்காக மன்றாடுகையில், அவர்களால் மாண்டோரையும் சேர்த்து நினைத்து, இவ்வினாவை ஆண்டவர் திருமுன் வைப்போமாக.