‘நல்லொழுக்கம்’ உள்ளவர்களுக்கு மட்டும்: ஒரு சின்னத் துப்பாக்கியின் கதை

கறுப்புச் சிறுத்தைகளின் படம் நம்மில் பலரது அறைச் சுவரில் இருக்கிறது. கறுப்பு மேலங்கி, சாய்த்து வைத்த தொப்பி, கையில் நீளமான துப்பாக்கி. 1972இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் பெயர் எடுத்ததும் அவர்களிடமிருந்துதான். ஆனால் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவை அந்தப் படத்திலிருந்து தொடங்கினால் பாதிக் கதைதான் கிடைக்கும். மீதிப் பாதி, யாரும் சுவரொட்டியில் போடாத ஒரு சின்னத் துப்பாக்கியைச் சுற்றி இருக்கிறது.

பாயின்ட் 22 பம்ப் ரைஃபிள். ஜான் பிரவுனிங்கும் அவருடைய சகோதரர் மேத்யூவும் வடிவமைத்து, வின்செஸ்டர் நிறுவனம் 1890இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு ‘மாடல் 1890’ என்று பெயர். அடுத்து 1906இல் இன்னும் மலிவான ஒன்று வந்தது. 1932இல் மாடல் 62 வந்தது. ரெமிங்டன் போன்ற போட்டி நிறுவனங்களும் இதே வகையில் இறங்கின. லட்சக்கணக்கில் விற்ற சரக்கு இது.

இது வேலை செய்யும் விதம் எளிது. குழலுக்குக் கீழே இன்னொரு மெல்லிய குழாய் இருக்கும். அதன் உட்குழாயை இழுத்துவிட்டுத் தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளே நழுவவிட வேண்டும். மாடல் 62இல் குட்டைத் தோட்டா என்றால் 20 வரை பிடிக்கும். இடது கை பிடித்திருக்கும் மரப்பிடியைப் பின்னால் இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கும், சுத்தியல் பின்னுக்குச் சாயும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே போய் உட்காரும். சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல முன்னும் பின்னும் அசைப்பதால்தான் ‘பம்ப்’ என்ற பெயர்.

‘ரிம்ஃபயர்’ என்பது தோட்டாவைக் குறிக்கும் சொல். பெரிய தோட்டாக்களில் தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் தனி மூடியாக இருக்கும். இதில் அந்த மருந்து விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். ஊசி விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். விளிம்பு நசுங்கிவிடுவதால் மறுபடி நிரப்ப முடியாது. ஆனால் செய்வதற்கு மலிவு. தோளில் உதை கிடையாது. சத்தமும் குறைவு. பத்து வயதுப் பிள்ளைகூட பழகிவிடலாம் என்பதால் அமெரிக்கக் கிராமங்களில் முதல் துப்பாக்கி பெரும்பாலும் பாயின்ட் 22தான். முயல், அணில் வேட்டைக்கு இது போதும். குத்தகை விவசாயி வீட்டில் அன்றைய குழம்புக்குக் கறி இப்படித்தான் வந்தது. (விளையாட்டுத் துப்பாக்கி என்று எண்ணிவிட வேண்டாம். இந்தச் சின்னத் தோட்டா ஒரு மைலுக்கு மேல் போகும், ஆளையும் கொல்லும்.)

இன்னொரு இடத்திலும் இது புகழ்பெற்றது: திருவிழாச் சந்தைகளில். காசு கொடுத்து வாங்கிய தோட்டாக்களால் நகரும் தகர வாத்துகளைச் சுடும் கடைகளில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது பெரும்பாலும் இந்த பம்ப் ரைஃபிள்தான். அதனால்தான் இன்றும் சேகரிப்பாளர்கள் இதை ‘கேலரி துப்பாக்கி’ என்கிறார்கள். பழைய நினைவுகளோடு, ஆசை ஆசையாகப் பேசுவார்கள். அதே சந்தைகளில் துணித்திரையில் ஓட்டை போட்டு, ஒரு கறுப்பின மனிதரின் தலையை அதில் நுழைக்கச் சொல்லி, பந்தால் அடித்து விளையாடும் கடையும் இருந்தது. அதைப் பற்றி அந்த ஏக்கப் பேச்சில் யாரும் சொல்வதில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. அதே ஆண்டு நவம்பரில் மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் போட்டது. ராணுவத்தில் இல்லாத, மாவட்ட வாரியத்தின் உரிமம் பெறாத எந்தக் கறுப்பினத்தவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. மீறினால் அபராதம். பிடிபட்ட துப்பாக்கி யாருக்குப் போகும் தெரியுமா? காட்டிக்கொடுத்தவருக்கு! இப்படி வெளிப்படையாக நிறத்தைச் சொல்லும் சட்டங்களை அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம் (1868) தடுத்தது. அதற்குப் பிறகு சட்டம் எழுதுகிறவர்கள் நிறத்தைச் சொல்லாமல் எழுதக் கற்றுக்கொண்டார்கள்.

ஃப்ளோரிடா மாநிலத்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கலையின் நல்ல மாதிரி. வின்செஸ்டர் ரைஃபிள் அல்லது அடுத்தடுத்துச் சுடக்கூடிய வேறு ரைஃபிள் எதையும் உரிமம் இல்லாமல் கையில் வைத்திருக்கக் கூடாது என்றது அது. உரிமம் வேண்டுமென்றால் 100 டாலருக்குப் பிணைப்பத்திரம் கொடுக்க வேண்டும். ‘நல்லொழுக்கம்’ உள்ளவர் என்று மாவட்ட ஆணையர்கள் ஒப்புக்கொள்ளவும் வேண்டும் என்று பின்னர் ஆனது. சட்டத்தில் கறுப்பு, வெள்ளை என்ற சொல்லே இல்லை. சந்தைக்கு வந்து மூன்றே ஆண்டுகளான வின்செஸ்டர் பம்ப் ரைஃபிளும் இந்தச் சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. அணில் சுடும் துப்பாக்கிக்குக் கூலித் தொழிலாளி நூறு டாலருக்குப் பிணை காட்ட வேண்டும்.

சட்டத்தின் உள்நோக்கம் என்ன என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. அந்த மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1941இல் வாட்சன் எதிர் ஸ்டோன் வழக்கில் நீதிபதி பியூஃபோர்ட் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். டர்பன்டைன் எண்ணெய் எடுக்கும் காடுகளுக்கும் மரம் அறுக்கும் முகாம்களுக்கும் கறுப்பினத் தொழிலாளர்கள் பெருமளவில் வந்த காலத்தில், அவர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்கவே இச்சட்டம் வந்தது என்றார். வெள்ளையருக்குப் பொருத்துவது அதன் நோக்கமே அல்ல, நடைமுறையில் பொருத்தியதும் இல்லை என்றார். கிராமப்புற வெள்ளை ஆண்களில் 80 சதவீதத்துக்கு மேல் இச்சட்டத்தை மீறியிருப்பார்கள் என்பது அவருடைய ஊகம். சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்த ஒரு குறிப்பைத் தேடிப் படித்துவிடுங்கள். சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதிக்கு வேலை செய்யும் விதி எப்படி எழுதப்படுகிறது என்பது அதில் விளங்கும்.

‘நல்லொழுக்கம்’ என்ற சொல் அதன் பிறகும் பல வேடங்களில் உலவியது. 1956 ஜனவரியில் மான்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். அவர் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. குண்டு வீசப்பட்ட வீட்டுக்காரர், ஒரு பாதிரியார், முனைவர் பட்டம் பெற்றவர். அவருக்கே தகுதி போதவில்லை! பின்னர் அவர் துப்பாக்கியையே கைவிட்டார் என்பது வேறு கதை. அது அவருடைய அறம். அதைக் காட்டி அதிகாரிகளின் மறுப்பை மறைக்க முடியாது.

மிசிசிப்பியின் ஹோம்ஸ் மாவட்டத்தில் ஹார்ட்மன் டர்ன்போ என்ற விவசாயி 1963 ஏப்ரலில் வாக்காளராகப் பதிவுசெய்யப் போனார். மே மாதம் இரவில் அவர் வீட்டுக்குத் தீக்குண்டு வீசினார்கள், சுட்டார்கள். ரைஃபிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து அவர் திருப்பிச் சுட்டார். வந்தவர்கள் ஓடினார்கள். மனைவியும் மகளும் பிழைத்தார்கள். மறுநாள் காவல்துறை கைது செய்தது டர்ன்போவைத்தான். தன் வீட்டுக்குத் தானே தீ வைத்தார் என்பது குற்றச்சாட்டு.

துப்பாக்கி இருந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பும் தோழர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அன்றிரவு ரைஃபிள் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது. காலையில் வழக்கிலிருந்து காப்பாற்ற அதனால் முடியவில்லை. துப்பாக்கியைத் தொடவே கூடாது என்பவர்களுக்கும் அந்த இரவு ஒரு கேள்விதான். எங்களிடம் இதற்குச் சுலபமான பதில் இல்லை.

1967இல் கறுப்புச் சிறுத்தைகள் சட்டப்படி துப்பாக்கி ஏந்திக் கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் போனார்கள். அதே ஆண்டு, தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தத் தடை விதிக்கும் முல்ஃபோர்ட் சட்டத்தில் ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டார். துப்பாக்கி உரிமைக்காக இன்று தொண்டை கிழியக் கத்தும் தேசிய ரைஃபிள் சங்கம் அப்போது அந்தச் சட்டத்தை ஆதரித்தது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 1878 ஆயுதச் சட்டத்தில் ஐரோப்பியருக்கு விலக்கு; மற்றவருக்கு உரிமம். சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது. நல்ல வரி. அதற்கு முந்தைய 13ஆவது பிரிவில் நம் சின்னத் துப்பாக்கியும் வருகிறது: இலக்குப் பயிற்சிக்காகப் பாயின்ட் 22 ரைஃபிள் கேட்பவர், அரசு அங்கீகரித்த ரைஃபிள் கிளப்பின் உறுப்பினராக இருந்தால் உரிமம் தர வேண்டும். சொத்து கேட்கக் கூடாது, கிளப் கேட்கலாம்! எந்தச் சேரிக்குப் பக்கத்தில் ரைஃபிள் கிளப் இருக்கிறது?

அதே சமயம், நம் தோழர்கள் பலர் கவனிக்காத ஒரு விதியும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, விதி 3. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமத்தை ரத்துசெய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும் என்கிறது. தேவைப்பட்டால் நம் மக்களுக்குப் பாதுகாப்புக்காக உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. ஃப்ளோரிடாக்காரர்கள் எழுதியதற்கு நேர்மாறான சட்டம். காகிதத்தில்.

நாங்கள் வேலை செய்யும் ஊர்களில் யார் வீட்டுப் பரணில் உரிமத் துப்பாக்கி இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பிரச்சினை வந்தபோது அது எடுத்து ஒப்படைக்கப்பட்டதை நாங்கள் பார்த்ததில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு இரண்டு கேள்விகள் அனுப்புங்கள்: விதி 3இன் கீழ் இதுவரை எத்தனை உரிமங்கள் ரத்துசெய்யப்பட்டன? எத்தனை வழங்கப்பட்டன? வரும் பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள். மாவட்ட வாரியாகத் தொகுத்து இங்கேயே வெளியிடுவோம்.