கரிசல் பட்டமும் திராட்சைக் கவாத்தும்: குளிர்நிலச் சிவப்பு ஒயின் இந்தியாவுக்கு வந்த வரலாறு

தூத்துக்குடி மாவட்டத்தின் விளாத்திகுளம் வட்டாரத்தில் உள்ள நாகலாபுரம், வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்தால் மண் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, மார்கழிப் பனியில் பயிரைத் தேற்றி, மாசி, பங்குனியில் பருத்தியும் மிளகாயும் எடுப்பது இங்கு வழக்கம். பட்டம் தவறினால் அதே மண்ணும் அதே விதையும் அதே விளைச்சலைத் தருவதில்லை. குளிர்நாட்டுப் பொருளான சிவப்பு ஒயின் இந்தியாவில் எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்கான விடையும் பெரும்பாலும் இந்தப் ‘பட்டம்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது.

திராட்சை பழுக்கும்போது சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். தோலின் நிறமும் துவர்ப்பும் மணமும் தனி வேகத்தில் முதிரும். வெப்பம் மிகுந்த இடத்தில் சர்க்கரை முந்திக்கொள்கிறது. இரவிலும் சூடு தணியாவிட்டால் பழத்திலுள்ள மாலிக் அமிலம் விரைவாகக் குறைந்துவிடும். அத்தகைய பழத்தின் ஒயினில் சாராயச் சூடு இருக்கும், உயிர்ப்பு இருக்காது. குளிர்நிலத்தில் எல்லாம் மெல்ல நடப்பதால் புளிப்பு குறையும் முன்பே மணம் கூடிவிடுகிறது.

இதற்குப் பழைய சான்று பிரான்சின் பர்கண்டி. அங்கு சிஸ்டர்சியன் துறவிகள் நடுக்காலம் முதலே தோட்டங்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்தறிந்து பயிர் செய்தனர். ஒரே சரிவின் மேற்பகுதியில் மண் மெலிந்தும், அடிவாரத்தில் களி மிகுந்து ஈரமாகவும் இருக்கும். காலை வெயில் படும் நடுச்சரிவே சிறந்தது என்று அனுபவத்தில் கண்டனர். 1395இல் பர்கண்டிக் கோமகன் பிலிப், அதிகம் காய்க்கும் கமே இரகத்தைப் பிடுங்கி எறிய ஆணையிட்டார். குறைவாகக் காய்க்கும் பினோ நுவார் நிலைபெற அது உதவியது. விளைச்சலா, தரமா என்ற வழக்கு அப்போதே அரசாணை வரை போயிருக்கிறது.

மீதி நிலவறையில் தீர்மானமாகிறது. பெரும்பாலான கருந்திராட்சைகளின் சாறு நிறமற்றது. சிவப்பு தோலிலிருந்துதான் வருகிறது. எனவே தோலைச் சாற்றோடு எத்தனை நாள் ஊறவிடுவது, காம்பை நீக்குவதா சேர்ப்பதா, எந்த வெப்பநிலையில் நொதிக்கவிடுவது, புது ஓக் பீப்பாயா பழையதா என்பவை சுவையை மாற்றும். குளிர் மிகுந்த ஆண்டில் பழத்தில் சர்க்கரை போதாது. அப்போது சாற்றில் சர்க்கரை சேர்க்கும் முறையை வேதியியலாளர் ஷப்தால் 1801இல் விளக்கி எழுதினார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது. வெப்ப நாடுகளில் குறை நேர் எதிரானது. அங்கு சேர்ப்பது டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியின் புளிப்புக்கும் அதுவே முதன்மைக் காரணம்.

தமிழ்நாட்டில் திராட்சை என்றால் கம்பம் பள்ளத்தாக்குதான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. ஆனால் பன்னீர் திராட்சையாக அடையாளம் காணப்படும் மஸ்கட் ஹாம்பர்க், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் கண்ணாடிக் குடில்களில் உருவானதாகப் பதிவாகியுள்ளது. ஆண்டும் இரகமும் பொருந்தவில்லை. பாதிரியாரின் கொடி வேறாக இருந்திருக்கலாம். எப்படியாயினும் கம்பத்தில் கொடி உறங்குவதே இல்லை. பந்தலில் படர்ந்து, கவாத்துக்குக் கவாத்து காய்த்து, இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை வரை தருகிறது. சந்தைப் பழத்துக்கு அது வரம். ஆண்டுக்கு ஒருமுறை, குறைவாக, மெல்லப் பழுக்க வேண்டிய சிவப்பு ஒயினுக்கு அது பொருந்தாது.

அந்த வகை ஒயினை நாடியவர்களுள் ஒருவர் கன்வல் குரோவர். ஷாம்பெயின் பகுதியின் பூஸி என்ற ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் வெசெல் அவருக்குத் துணையானார். பூஸி, குளிர்நிலத்துச் சிவப்பு ஒயினுக்கும் பெயர் பெற்ற ஊர். 1988இல் பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பகுதியில், சுமார் 900 மீட்டர் உயரத்தில் தோட்டம் அமைந்தது. குளிரை அவர்கள் உயரத்தில் தேடினர். ஆயினும் அங்கு நிலைத்தவை பூஸியின் பினோ நுவார் அல்ல. வெப்பம் தாங்கும் கேபர்னே சாவிஞோனும் ஷிராஸும்தான்.

நாசிக் வட்டாரத்தினர் அதை நாள்காட்டியில் தேடினர். ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா 2000ஆம் ஆண்டில் முதல் ஒயினை வெளியிட்டது. அடுத்த ஆண்டே மகாராட்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை அறிவித்தது. அங்கு ஆண்டுக்கு இரு கவாத்து, ஒரே அறுவடை. கோடைத் தொடக்கத்துக் கவாத்துக்குப்பின் வரும் தளிர், தென்மேற்குப் பருவமழை முழுவதும் இலையும் தண்டுமாகவே வளரவிடப்படும். மழை ஓய்ந்தபின் செய்யும் இரண்டாம் கவாத்துதான் பூவெடுக்க வைக்கிறது. சில இரவுகள் 10 பாகைக்கும் கீழே இறங்கும் குளிர்காலத்தில் காய் வளர்ந்து, பிப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகிறது. ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் முடியும் வேலை இங்கு கோடையின் வாசலில் முடிகிறது. கடைசி வாரங்களில் வெயில் ஏறிவிடுவதால் விடியலுக்கு முன்பே பறிப்பதும், குளிரூட்டிய தொட்டிகளில் நொதிக்க வைப்பதும் இந்திய நிலவறைகளில் இன்றியமையாதவை ஆயின. மலை தராத குளிரை மின்சாரம் தருகிறது. அதன் செலவும் புட்டியின் விலையில் சேர்கிறது.

அப்படியானால் கரிசலில் ஏன் கூடாது? கருப்பு மண்ணை மட்டும் குறை சொல்ல முடியாது. நாசிக்கிலும் கருப்பு மண் உண்டு. உப்பையும் வறட்சியையும் தாங்கும் டாக்ரிட்ஜ் போன்ற வேர்க்கொடிகளில் ஒட்டுக்கட்டி இந்தியத் தோட்டங்கள் சமாளிக்கின்றன. கோவில்பட்டியே கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரத்தை ஒட்டியே இருப்பதால் இரவுக் குளிர் குறைவு என்பது ஒரு தடை. பெரிய தடை மழை. நாசிக்கில் வானம் வெளுத்துக் கொடி பூக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் நாகலாபுரத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. பூவும் பிஞ்சுமாக நிற்கும் கொடி அந்த ஈரத்தில் அடிச்சாம்பல் நோய்க்கு இலக்காகும்; களிமண்ணில் நீர் தேங்கி வேர் திணறும். பருத்திக்கும் மிளகாய்க்கும் ஆண்டு முழுவதற்குமான ஈரத்தைக் கரிசல் சேர்த்துக்கொள்வதும் அதே மழையில்தான்.