கொழும்பில் தங்க ஓர் இடம்

மருதமுனையிலிருந்து உறவுக்காரப் பையன் ஒருவன் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தான். நேர்முகப் பரீட்சைக்காக முதன்முறையாகக் கொழும்புக்குப் போகிறானாம். "மாமா, கொழும்புல எங்க நின்டா நல்லம்? காசும் கனக்கப் போகப்படாது" என்று கேட்டான். இரண்டொரு விடுதிகளின் பெயரையும் வாடகையையும் எதிர்பார்த்தே அவன் கேட்டிருப்பான். எனக்கோ உடனே பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் கரையோர ஊர்களிலிருந்து கொழும்புக்குப் போனவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் கேட்டுக்கொண்ட கேள்வி இது. பதில்தான் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது.

கொழும்பின் பெரிய ஹோட்டல்கள் எங்களை எண்ணிக் கட்டப்பட்டவையல்ல. 1864இல் எழுந்த கோல்பேஸ் ஹோட்டலும், 1875இல் துறைமுகத்தை அண்டித் திறக்கப்பட்ட கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலும் கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பியப் பயணிகளுக்கானவை. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று மக்களுக்குக் கொழும்பே எட்டாத தூரத்தில் இருந்தது. 1928இல் மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை வந்தது. அதன் பின்னரும் கல்முனையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சென்றே வண்டியேற வேண்டியிருந்தது.

என் வாப்பாவின் தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மருதமுனைத் தறிகளில் நெய்த சாரன்களை மூட்டையாகக் கட்டிப் புறக்கோட்டைக்குக் கொண்டுசென்றவர்கள் வாடகைக்கு அறை தேடுவதில்லை. சரக்கை வாங்கும் கடையின் மேல்மாடியில் பாய் விரித்துக்கொள்வர். வியாபாரத்தில் பிறந்த நம்பிக்கையே இராத் தங்கலுக்கும் போதுமானதாயிருந்தது.

படிக்கப் போனவர்களுக்கு வேறொரு வாசல் திறந்தது. 1942இல், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பணிக்காக ஏ.எம்.ஏ. அஸீஸ் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். இப்பகுதி முஸ்லிம்களின் கல்வி நிலையை அவர் நேரில் கண்டது இங்கேதான். அவரது முயற்சியால் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானது. 1948 முதல் 1961 வரை அவர் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராக இருந்தார். கிழக்கிலிருந்து ஸாஹிறாவுக்குப் போன மாணவர்களுக்கு மருதானை விடுதியே முதல் நகரத்து வீடு. பிள்ளையை அனுப்பிய பெற்றோர் அறையின் வசதியைக் கேட்கவில்லை. பொறுப்பாளர் யார் என்பதையே கேட்டனர்.

1977இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. வளைகுடா நாடுகள் ஆள் கேட்டன. கடவுச்சீட்டு, வீசா, மருத்துவப் பரிசோதனை, முகவரின் தவணை என்று ஒரு நாள் வேலைக்கு வந்தவர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தனர். சாப்பாட்டுக் கடைகளின் மாடிகள் பலகைத் தடுப்புகளால் பிரிக்கப்பட்டு லொட்ஜுகளாயின. கட்டிலுக்கு இவ்வளவு, பாய்க்கு இவ்வளவு என்று கட்டணம். நகரத்துத் தங்குமிடத்தை மலிவைக் கொண்டு மட்டும் அளக்கும் பழக்கம் எங்களிடையே வேரூன்றியது அக்காலத்தில்தான் என்பது என் எண்ணம்.

அந்தப் பழக்கத்தின் விலையை நானும் கொடுத்தேன். 1993 மே 1ஆம் திகதி ஜனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்டுச் சில வாரங்களே கடந்திருந்தன. வேலை தேடிக் கொழும்பு வந்த நான், விசாரித்த இடங்களுள் ஆகக் குறைந்த வாடகை கேட்ட மாடியில் தங்கினேன். முதலாளி என் பெயரைக்கூட எழுதிக்கொள்ளவில்லை. அதை அவரது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். நள்ளிரவில் தேடுதலுக்கு வந்தவர்கள் அடையாள அட்டையில் ஊரின் பெயரைப் பார்த்தார்கள். என் சிங்களம் இரண்டாவது வசனத்திலேயே தடுக்கி விழுந்தது. "இவரை எனக்குத் தெரியாது" என்றார் முதலாளி. அது பொய்யுமல்ல. விடியும்வரை ஒரு பொலிஸ் நிலையத்தின் வாங்கில் இருந்தேன். காலையில் எங்களூர் சாரன் வியாபாரி ஒருவர் வந்து பொறுப்பெடுத்தார்.

அவர் தங்கும் இடத்துக்கு என்னையும் அழைத்துச் சென்றார். வாடகை அநேகமாக இருமடங்கு. அங்கே மேசைமீது தடித்த பதிவேடு ஒன்று இருந்தது. பெயர், ஊர், அட்டை இலக்கம், வந்த காரணம் அனைத்தையும் எழுதி, அன்றைக்கே பொலிஸுக்கு அறிவித்துவிடுவார் அதன் நிர்வாகி. முதல் நாள் நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் எதற்கான பணம் என்பது அப்போது விளங்கியது.

ஆனால் பதிவேடும் காப்பாற்றாத நாளொன்று வந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த வடக்கு, கிழக்குத் தமிழர்கள் 376 பேர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மருத்துவத்துக்கு வந்தவர்களும் வெளிநாடு செல்லக் காத்திருந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். அன்று வெளியேற்றப்பட்டவர்கள் தமிழர்கள், நாங்கள் முஸ்லிம்கள் என்று ஆறுதல் கொண்டவர்களும் எங்களூரில் இருந்தார்கள். அந்த ஆறுதல் பன்னிரண்டு ஆண்டுகளே நீடித்தது. 2019 ஏப்ரல் 21இல் கொழும்பின் ஆடம்பர ஹோட்டல்கள் மூன்றில் குண்டுகள் வெடித்தன. அன்று பிற்பகல் தெஹிவளையில் சிறிய விடுதியொன்றிலும் வெடித்தது. ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் வாடகை வீடொன்றில் நடந்தது நாடறிந்தது. அதன் பின் எங்கள் அட்டைகளில் உள்ள ஊர்ப் பெயர்கள் விடுதி மேசைகளில் இருமுறை வாசிக்கப்பட்டன. ஒருவர் செய்த குற்றத்துக்கு ஊர் முழுவதும் பதில் சொல்ல நேர்வது எத்தகையது என்பதை 2007இலேயே நாங்கள் கற்றிருக்கலாம்.

இவ்வளவையும் அந்தப் பையனிடம் சொல்லவில்லை. பரீட்சை நடக்கும் இடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடு என்றேன். முச்சக்கர வண்டிக் கூலியையும் சேர்த்தால் தூரத்து மலிவு மலிவல்ல. பணம் கொடுக்குமுன் அறையைப் பார், கதவின் உட்தாழ்ப்பாளைப் போட்டுப் பார், குழாயைத் திறந்து பார். வரி, சேவைக் கட்டணம் சேர்ந்த முழுத் தொகையைக் கேள். பற்றுச்சீட்டு வாங்கு. நிலையத்தில் தானாக வந்து விடுதி காட்டுபவனோடு போகாதே. பெயரைப் பதிவு செய்யாத இடமென்றால் இலவசமாகத் தந்தாலும் தங்காதே.

"அட்டைய பாத்து எதும் கேட்டா, மாமா?" என்றான் கடைசியில். அவனுக்கு இருபத்து மூன்று வயது. ஆக, அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

"உள்ளதைச் சொல்லு. என்ர நம்பரையும் எழுதிக் குடு" என்றேன்.