சோறும் பாணும் மட்டும் போதாது: உணவில் லைசின்

நமது உடலின் புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. இவற்றுள் ஒன்பதை உடலால் உருவாக்க முடியாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும். அந்த ஒன்பதில், தானியத்தையே நம்பி உண்பவர்களுக்கு முதலில் பற்றாக்குறையாவது லைசின்.

1914 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களான ஒஸ்போனும் மென்டலும் எலிகளுக்குக் கோதுமையிலுள்ள கிளயடின் என்ற புரதத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தனர். எலிகள் சாகவில்லை, ஆனால் வளரவுமில்லை. அதே உணவில் லைசினைச் சேர்த்ததும் வளரத் தொடங்கின. வயிறு நிறைவது வேறு, வளர்ச்சி வேறு.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பின்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் லைசின் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 1.8 கிராம். ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்குக் கிலோவுக்கு 45 மில்லிகிராம் வேண்டும். தசையும் எலும்பும் வளரும் பருவம் அது.

நமது சாப்பாட்டில் இதைக் கணக்குப் பார்க்கலாம். 400 கிராம் அரிசிச் சோற்றிலிருந்து (சமைக்காத நிறை) ஏறக்குறைய ஒரு கிராம் லைசின் கிடைக்கும். மீதி 0.8 கிராமுக்கு மீனோ முட்டையோதான் வேண்டும் என்றில்லை. 50 கிராம் மைசூர்ப் பருப்பே அதைத் தந்துவிடும். மீனும் முட்டையும் எட்டாத விலைக்குப் போகும் நாட்களில் பல வீடுகளில் பருப்பையும் குறைத்து, பாணும் சம்பலுமாக ஒரு வேளையைக் கழிக்கிறார்கள். கோதுமை மாவில் லைசின் விகிதம் அரிசியை விடவும் குறைவு. தேங்காய்ச் சம்பலில் புரதமே கொஞ்சம்தான். குறைக்க வேண்டிய கடைசிப் பொருள் பருப்பு என்பேன். கௌபி, கடலை, பயறு, சோயா, நெத்தலிக் கருவாடு ஆகியவையும் அந்த வரிசையில் வருபவையே.

பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஆகவே ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. இரண்டையும் ஒரே வேளையில் உண்ண வேண்டியதில்லை, ஒரே நாளில் உண்டால் போதும். சோளத்துடன் சோயாவைச் சேர்த்துத் திரிபோஷ தயாரிப்பதன் பின்னாலும் இதே கணக்குத்தான் இருக்கிறது.

சமைக்கும் விதமும் முக்கியம். அவிப்பதால் லைசினுக்குப் பெரிதாகச் சேதமில்லை. கடும் வெப்பத்தில் மா கபில நிறமாகும்போது லைசின் சர்க்கரையுடன் பிணைந்து உடலுக்குப் பயனற்றதாகிவிடுகிறது. பாணின் கருகிய ஓரத்திலும் பிஸ்கட்டிலும், முன்பே சொற்பமாக இருந்தது இன்னும் குறைந்துபோகிறது.