பேக்பைப்: ஊதுறதும் கஷ்டம், வெச்சிருக்கிறதும் கஷ்டம்

டெபிட், கிரெடிட்டுக்கு ஒரு நாள் லீவு விட்டாச்சு. இன்னைக்கு ஒரு வாத்தியத்தோட கதை. ஸ்காட்லாந்துக்காரங்க கட்டம் போட்ட கில்ட் கட்டிக்கிட்டு, கக்கத்துல ஒரு பையை இடுக்கிக்கிட்டு ஊதுவாங்களே, அந்த பேக்பைப்தான்.

1746-ல் ஜாக்கோபைட் கிளர்ச்சி தோத்த பிறகு, ஜேம்ஸ் ரீட்ங்கிற பைப்பர் மேல ராஜதுரோக வழக்கு. துப்பாக்கி, கத்தி எதுவும் தூக்கலை, பைப் மட்டும்தான் ஊதினேன்னு அவர் வாதாடினார். ஹைலேண்ட் படை பைப்பர் இல்லாம நடக்காது, அதனால அதுவும் போர்க்கருவிதான்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. நவம்பர்ல யார்க் நகரத்துல அவரைத் தூக்குல போட்டாங்க. உடனே பேக்பைப்பையே தடை பண்ணிட்டாங்கன்னு ஒரு கதை இன்னைக்கும் ஓடுது. ஆனா அந்த வருஷம் வந்த ஆயுதத் தடைச் சட்டத்துல பேக்பைப்ங்கிற பேரே கிடையாது!

சரி, இதை ஊதுறதுல என்ன கஷ்டம்? ஊதுகுழல் வழியா பையில காத்தை நிரப்பணும். மூச்சு வாங்குற நேரத்துல முழங்கையால பையை அமுக்கணும். அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் சுருதி போச்சு. ராகம் வாசிக்கிற குழலுக்கு நம்ம நாகஸ்வரத்து சீவாளி மாதிரி இரட்டை நாக்கு. அதுல மொத்தமே 9 சுரம்தான். தோள்மேல சாய்ஞ்சிருக்கிற மூணு குழலும் நம்ம ஒத்து மாதிரி ஒரே சுரத்தைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். நடுவுல சத்தத்தை நிறுத்த வழியே இல்லை. ஒரே சுரம் ரெண்டு தடவை வரணும்னா, இடையில வேற ஒரு சுரத்தை மின்னல் மாதிரி தொட்டுட்டு வரணும். அதனால புதுசா கத்துக்கிறவங்களுக்கு முதல்ல பையே கிடையாது, வெறும் பயிற்சிக் குழல்தான்.

இதுக்கு மேல பராமரிப்பு. வாயிலிருந்து போற காத்து ஈரமான காத்து. ஈரம் ஏறினா நாக்கு மக்கர் பண்ணும், காய்ஞ்சா மரம் வெடிக்கும். குழல்கள் பொருந்துற இடத்துல மெழுகு தடவின சணல் நூல் சுத்தணும். தோல் பைக்குள்ள பசை மாதிரி ஒரு கலவையை ஊத்திப் பிசைஞ்சாதான் காத்து கசியாம இருக்கும்.

இதையெல்லாம் சோம்பேறித்தனமா விட்டா என்ன ஆகும்? 2016-ல் 'தோராக்ஸ்' மருத்துவ இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு. இங்கிலாந்துல 61 வயசுக்காரர் ஒருத்தர், தினமும் பேக்பைப் வாசிச்சவர், வருஷக்கணக்கா இருமலும் மூச்சுத்திணறலுமா இருந்தார். வாத்தியத்தை வீட்டுல விட்டுட்டு மூணு மாசம் ஆஸ்திரேலியா போனப்போ மட்டும் உடம்பு தேறிடுச்சு! பிற்பாடு சோதிச்சா, பைக்குள்ளயும் நாக்கோட பாதுகாப்பு உறையிலயும் விதவிதமான பூஞ்சை. ஆனா அதுக்குள்ள நுரையீரல் கெட்டுப்போய், 2014-ல் இறந்துட்டார்.

ஒரு பைப்பருக்கு நீதிமன்றத்தால சாவு, இன்னொருத்தருக்குத் துடைக்காத ஈரத்தால. கணக்குப் பாஷையில சொன்னா, பராமரிப்புச் செலவை மிச்சம் பிடிக்கிறது லாபம் இல்லீங்க. உங்க வீட்டுல ஊதுற வாத்தியம் எது இருந்தாலும், வாசிச்சு முடிச்சதும் துடைச்சுக் காய வைங்க.

அடுத்த பதிவுல சந்திப்போம் :)