பீத்தோவன் வாங்காத வீடு

வீடு வாங்குவதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லுகிறார்கள். நானும் போட்டேன். பையனுடைய பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, கையிருப்பு எவ்வளவு, பாங்கியில் கடன் எவ்வளவு கிடைக்கும், பத்திரச் செலவு, பதிவுக் கட்டணம், தரகு, வக்கீல், வெள்ளையடிப்பு, குழாய் ரிப்பேர், கிருகப்பிரவேசத்துக்குச் சமையல்காரர் என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். மறுநாள் சாயங்காலம் தரகர் வீட்டைக் காட்டினார். வாசலில் பஸ் போய்க்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவே விலையைச் சொன்னார். நான் கம்பீரமாகத் தலையை ஆட்டினேன்.

திரும்பி வரும்போது என் மனைவி, "என்னங்க இது! எழுபத்தைந்து லட்சத்துக்கு நாம் எங்கே போவது? நீங்கள் பாட்டுக்குத் தலையை ஆட்டிவிட்டு வருகிறீர்களே!" என்றாள்.

என் காதில் விழுந்தது அறுபத்தைந்து.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாகவே எனக்கு இடது காது மந்தம். யாரிடமும் சொல்லவில்லை. பேசுகிறவர்களுடைய வாயைப் பார்த்து, அவர்கள் சிரிக்கும்போது சிரித்து, நிறுத்தும்போது தலையை ஆட்டிக் காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்தது, என்ன பொருத்தமோ, பீத்தோவனுடைய கடிதங்கள்.

லுட்விக் வான் பீத்தோவன் 1770-ல் பான் நகரத்தில் பிறந்தவர். 1792-ல் வியன்னாவுக்கு வந்து, பியானோ வாசிப்பதில் தமக்கு மிஞ்சியவர் இல்லை என்று பெயர் எடுத்தார். பிரபுக்களின் மாளிகையில் அவர் மனோதர்மமாக வாசிக்கத் தொடங்கினால் கேட்கிறவர்கள் விம்மி அழுதுவிடுவார்களாம். 1801-ம் வருஷம் ஜூன் 29-ந் தேதி, பானில் இருந்த பால்ய சிநேகிதர் வேகலருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். வேகலர் ஒரு டாக்டர். கடிதத்தின் ஆரம்பம் முழுவதும் வரவுக் கணக்கு. லிக்னோவ்ஸ்கி பிரபு வருஷத்துக்கு 600 பிளாரின் ஒதுக்கியிருக்கிறார். பதிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள். பேரம் கிடையாது, கேட்ட விலையைக் கொடுக்கிறார்கள். படித்தால், அடுத்த வரியில் வீடு வாங்கப் போகிறேன் என்று எழுதுவார்போல இருக்கிறது.

அடுத்த சங்கதி காது. இரவும் பகலும் காதில் இரைச்சல். நாடக சாலையில் வாத்தியக்காரர்களுக்கு வெகு அருகில் உட்கார்ந்தால்தான் நடிகர் பேசுவது புரிகிறது. கொஞ்சம் தள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி ஸ்வரங்கள் காதில் விழுவதில்லை. இரண்டு வருஷமாக விருந்துகளுக்குப் போகாமல் ஒளிகிறார். 'நான் செவிடு' என்று ஜனங்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேறு தொழிலாக இருந்தால் பரவாயில்லை, இந்தத் தொழிலில் இருந்துகொண்டு இப்படியா என்று புலம்புகிறார். இந்த விஷயம் தம்முடைய எதிரிகளுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்ற பயம் வேறு. யாரிடமும் சொல்லாதே என்று வேகலரைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இருநூறு வருஷத்துக்கு முந்திய ஆசாமி என் சட்டைப் பையில் கையை விட்ட மாதிரி இருந்தது.

வைத்தியம் செய்துகொள்ளாமல் இல்லை. ஃபிராங்க் என்ற டாக்டர் காதில் பாதாம் எண்ணெய் விட்டார். வேரிங் என்ற டாக்டர் வெதுவெதுப்பான டான்யூப் நதி நீரில் குளிக்கச் சொன்னார். பிறகு ஏதோ ஒரு மரப்பட்டையைக் கையில் வைத்துக் கட்டிக் கொப்புளம் வரவழைத்தார். கை புண்ணானதுதான் மிச்சம். மூன்றாவது டாக்டர் ஷ்மிட். இவர் ஒருவர்தான், என் அபிப்பிராயத்தில், உருப்படியாக ஒன்று சொன்னார்: காதுக்கு ஓய்வு கொடு, பட்டணத்தை விட்டுக் கிராமத்துக்குப் போ. அதன்படி 1802-ல் ஹைலிகன்ஷ்டாட் என்ற ஊரில் போய் இருந்தார். அங்கே எழுதியதுதான் அந்தப் பிரசித்தமான சாசனம், அக்டோபர் 6, 10 ஆகிய தேதிகள் போட்டது. பக்கத்தில் நின்றவனுக்குத் தூரத்துப் புல்லாங்குழல் கேட்கிறது, தமக்கு ஒன்றும் கேட்கவில்லை. உயிரை விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது, கலைதான் தடுத்தது என்று தம்பிகளுக்கு எழுதி, அனுப்பாமல் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

பட்ஜெட் போடுகிறவன் முதலில் எழுத வேண்டியது வரவு. பீத்தோவனுடைய வரவுக்கு வேர் எது? விரல் என்போம். விரல் கடைசிவரையில் நன்றாகத்தான் இருந்தது. காது போனதும் கச்சேரி போயிற்று. 1814-ல் ஒரு கச்சேரிக்கு ஒத்திகை நடந்தபோது ஸ்போர் என்ற பிடில் வித்வான் உடனிருந்தார். பலமாக வாசிக்க வேண்டிய இடத்தில் தந்தி அதிர அடிக்கிறார், மெதுவான இடத்தில் ஸ்வரங்கள் கேட்கவே இல்லை, பியானோவில் சுருதி சேரவில்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். அதற்கப்புறம் சில மாதங்களில் சபையில் வாசிப்பது நின்றே போயிற்று. மிஞ்சியது பேனா.

அந்தப் பேனாவை நம்பி மூன்று பிரபுக்கள் 1809 மார்ச்சில் அவருக்கு ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ருடால்ப் இளவரசர் 1500, லோப்கோவிட்ஸ் 700, கின்ஸ்கி 1800, ஆக வருஷத்துக்கு 4000 பிளாரின். வியன்னாவை விட்டுப் போகக் கூடாது என்பது நிபந்தனை. இரண்டே மாதத்தில் நெப்போலியனுடைய பீரங்கிகள் அந்த ஊர்மேல் குண்டு போட்டன. பீத்தோவன் தம்பி வீட்டு நிலவறையில் போய் உட்கார்ந்து, இருக்கிற கொஞ்சம் காதும் போய்விடக் கூடாதே என்று தலையணைகளை வைத்துக் காதைப் பொத்திக்கொண்டார். காதைத் தலையணையால் பொத்தலாம், காகித நோட்டை என்ன செய்வது? யுத்தச் செலவு தாங்காமல் 1811-ல் சர்க்கார் நோட்டின் மதிப்பை ஐந்தில் ஒன்றாக்கிவிட்டது. மறு வருஷம் கின்ஸ்கி குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். லோப்கோவிட்ஸின் சொத்து கடனில் மூழ்கிற்று. வழக்காடி, மன்றாடி, 1815-ல் 3400 பிளாரின் என்று ஒருவாறு தீர்ந்தது.

இப்படிப்பட்டவர் எங்கே குடியிருந்தார்? எங்கேயும் இல்லை என்று சொல்லலாம். வீடு மாற்றுவதே அவருக்கு வேலை. சில சமயம் ஒரே காலத்தில் இரண்டு மூன்று வீடுகளுக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருப்பார். பாஸ்க்வாலாட்டி என்பவருக்குக் கோட்டை மதில்மேல் ஒரு வீடு இருந்தது. பீத்தோவன் கோபித்துக்கொண்டு காலி செய்துவிட்டுப் போவார். அந்தப் புண்ணியவான், 'அவர் திரும்பி வருவார்' என்று வேறு யாருக்கும் விடாமல் பூட்டி வைப்பாராம். இந்த மாதிரி வீட்டுக்காரரை நான் கதையில் எழுதினால் பத்திராதிபர் நம்ப மாட்டார்.

1818-லிருந்து உரையாடல் நோட்டுகள் ஆரம்பமாகின்றன. வந்தவர்கள் சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டுவார்கள். அவர் வாயால் பதில் சொல்வார். அதனால் நமக்குக் கிடைப்பது பாதிப் பேச்சுத்தான். நடுநடுவே சாமான் ஜாபிதாவும் கூட்டல் கணக்கும் வரும். பெருக்கல் அவருக்கு வராது. ஒரே எண்ணை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுவார். காப்பிக்கு அறுபது கொட்டை என்று எண்ணிப் போடுவார் என்று கூட இருந்த ஷிண்ட்லர் எழுதுகிறார். ஷிண்ட்லர் சொல்வதையெல்லாம் நம்ப முடியாது. பீத்தோவன் இறந்த பிறகு அந்த நோட்டுகளில் தாமே சில வரிகளை எழுதிச் சேர்த்த மனிதர் அவர்.

1819-ல் இரண்டு சங்கதிகள் நடந்தன. ஜூலையில், கையில் இருந்த வெள்ளிப் பணத்தைப் போட்டு ஆஸ்திரிய தேசிய பாங்கியில் எட்டுப் பங்குகள் வாங்கினார். அக்டோபரில், தாம் கோடையில் தங்கும் மெட்லிங் என்ற சிற்றூரில் ஒரு வீட்டை வாங்கலாமா என்று ஆசைப்பட்டு, பதிப்பாளர் ஷ்டைனரிடம் யோசனை கேட்டு எழுதினார். வாழ்நாள் முழுவதும் ஒண்டுக் குடித்தனம் செய்தவருக்குச் சொந்தக் கூரை வேண்டும் என்று தோன்றியது பாருங்கள். வீடு அமையவில்லை. அடுத்த கோடையில் அதே ஊருக்கு வாடகைக்காரராகப் போனார். பழைய வீட்டுக்காரர் இடம் கொடுக்க மறுத்துவிட்டார். காரணம், அவர் குடியிருந்தால் சத்தம் தாங்க முடியவில்லை என்பது!

அதே வருஷம் அவருடைய தம்பி யோஹான் க்னைக்ஸன்டார்ப் என்ற ஊரில் பண்ணையே வாங்கிவிட்டார். அவர் மருந்துக்கடைக்காரர், யுத்தத்தில் சேனைக்கு மருந்து விற்றுச் சம்பாதித்தவர். 'நிலச் சொந்தக்காரர்' என்று விலாசச் சீட்டு அச்சடித்து அண்ணாவுக்கு அனுப்பினார் என்றும், அண்ணா அதன் பின்புறத்தில் 'மூளைச் சொந்தக்காரர்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார் என்றும் ஒரு கதை உண்டு. எனக்கென்னவோ இதில் சிரிப்பைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகமாகத் தெரிகிறது.

1824 மே 7-ந் தேதி ஒன்பதாவது சிம்பனி அரங்கேறியது. கைதட்டல் அவருக்குக் கேட்கவில்லை. பாட வந்த உங்கர் என்ற பெண் அவரைப் பிடித்துச் சபையின் பக்கம் திருப்பினாள். அப்போதுதான் ஜனங்கள் ஆரவாரிப்பதைப் பார்த்தார். இது எல்லாருக்கும் தெரிந்த கட்டம். அன்றைய கணக்கை யாரும் சொல்வதில்லை. வசூல் 2,200 பிளாரின். செலவு போக அவருக்குக் கிடைத்தது 420.

அந்தப் பங்குகளை மட்டும் அவர் கரைய விடவில்லை. அண்ணன் மகன் அல்ல, தம்பி மகன் கார்ல். தகப்பன் இறந்ததிலிருந்து அவனை வளர்க்க வேண்டும் என்று வருஷக்கணக்காக வழக்காடியவர். பங்குகள் அவனுக்கென்று வைத்தது. படுக்கையில் விழுந்தபோது லண்டன் பில்ஹார்மானிக் சங்கத்துக்கு எழுதி 100 பவுன் உதவி பெற்றாரே தவிர அதைத் தொடவில்லை. 1827 மார்ச் 26-ல் இறந்தார். மறுநாள் தேடியபோது பங்குப் பத்திரங்கள் அகப்படவில்லை. கடைசியில் ஒரு ரகசிய அறையை இழுத்தார்கள். ஏழு பத்திரங்கள் இருந்தன. மதிப்பு 7,400 பிளாரினுக்கு மேல்.

காது ஏன் போயிற்று? 2023-ல் அவருடைய தலைமுடியை ஆராய்ந்த விஞ்ஞானிகள் ஈரல் நோய்க்கான அடையாளங்களைக் கண்டார்கள். செவிட்டுக்குக் காரணம் அகப்படவில்லை. மெல்ட்ஸல் என்ற யந்திரக்காரர் 1812-லிருந்து 1814 வரையில் செய்து கொடுத்த ஊதுகுழல் போன்ற காதுக் கருவிகள் இன்றும் பானில் அவர் பிறந்த வீட்டுக் காட்சிசாலையில் இருக்கின்றன. படத்தைப் பார்த்தேன். ஒன்று சமையலறைக் கரண்டியைப் போல் இருக்கிறது. அதைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் பெரிய சபையில் நின்றிருப்பாரா?

என்னைப் பரிசோதித்த டாக்டர் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் யந்திரத்தை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். பிறகு ஒரு தாளில் சரிந்து இறங்கும் கோட்டைக் காட்டி, "மேல் ஸ்தாயிதான் சார் முதலில் போகிறது. இரண்டு வருஷம் முன்னாலேயே வந்திருக்கலாமே" என்றார். கருவியின் விலையையும் சொன்னார். இந்தத் தடவை சரியாகக் கேட்டது; இரண்டு தரம் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். வக்கீலுக்கும் வெள்ளையடிப்புக்கும் நடுவே இடம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது, என் மனைவி வந்து பார்த்து, கிருகப்பிரவேசச் சமையல்காரரை அடித்துவிட்டுப் போனாள்.